எழுதியவர் இருக்கிறாரா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஐ.டி. துறையில் ஒருவரைத் தலைமைப் பதவிக்கு உயர்த்துவது நிறுவனம் மாறுவதா, ஒரே நிறுவனத்தில் நிலைத்திருப்பதா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி, "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தாவினாத்தான் ஹைக்" என்று சொல்லிப் பெரிய கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். சம்பளம் ஏறும், தம்பி, நான் மறுக்கவில்லை. வீட்டுக்கடன் கட்டுகிறவளுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நம் தலைப்பு தலைமையைப் பற்றியது. சம்பளம் உயர்வதும் தலைவராக உயர்வதும் ஒன்று என்று வைத்துக்கொண்டு நீங்கள் பேசிவிட்டீர்கள்.

நான் பதினெட்டு வருடமாக ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அதில் ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

மாதக் கடைசி, மணி இரண்டு இருக்கும். ஒரு வங்கிக்கு வட்டி கணக்குப் போடும் பேட்ச் ஜாப், அதாவது எல்லாக் கணக்குகளுக்கும் மொத்தமாக ஓடும் புரோகிராம், பாதியில் நின்றுவிட்டது. காலையில் கிளை திறப்பதற்குள் முடிந்தாக வேண்டும். கான்ஃபரன்ஸ் காலில் இருபது பேர் இருந்தோம். கிளையன்ட் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி: "இதை எழுதியவர் யார்? இருக்கிறாரா?" புரோகிராமைத் திறந்து பார்த்தால் மேலே நான்கு பேருடைய இனிஷியல். மூன்று பேர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நான்காவது இனிஷியல் என்னுடையது.

ஆறு வருடத்துக்கு முன்னால் கணக்குகளின் வரிசை எண்ணுக்கு ஆறு இலக்கம் போதும் என்று முடிவு செய்தது நான்தான். ரிலீஸ் தேதி நெருக்கியது, "இப்போதைக்கு இது போதும்" என்றேன். அந்த ராத்திரி பத்து லட்சமாவது கணக்கு வந்து நின்றது. ஏழாவது இலக்கத்துக்கு இடம் இல்லை.

நடுவர் அவர்களே, விடியற்காலை ஐந்தரைக்கு அதைச் சரிசெய்து முடித்தபோது நான் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் என் டீமில் ஒரு பெண்ணோ பையனோ "இப்போதைக்குப் போதும் மேடம்" என்று சொன்னால், "இப்போதைக்குன்னா எத்தனை வருஷம்?" என்று கேட்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு வந்ததே, நான் செய்த தப்பு திரும்பி வந்தபோது நான் அதே இடத்தில் இருந்ததால்தான். மற்ற மூன்று பேரும் என்னைவிடத் திறமைசாலிகள். ஆனால் தாங்கள் எடுத்த முடிவு ஆறு வருடம் கழித்து என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

சரி, பெரிய இடத்துக்கு வருவோம். சத்யா நாதெல்லா 1992-ல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார், 2014-ல் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். நடுவில் இருபத்திரண்டு வருடம் ஒரே நாற்காலியிலா உட்கார்ந்திருந்தார்? பிங் தேடுபொறிப் பக்கம் போனார், அப்புறம் சர்வர், கிளவுட் என்று போனார். நிறுவனத்தை மாற்றவில்லை, வேலையை மாற்றிக்கொண்டே இருந்தார். நிலைத்திருப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நடராஜன் சந்திரசேகரன் 1987-ல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்தார். 2009-ல் அதன் தலைமைச் செயல் அதிகாரி, 2017-ல் அதன் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் தலைவர். ஐ.பி.எம்.மின் அரவிந்த் கிருஷ்ணா 1990-ல் உள்ளே வந்தவர், 2020-ல் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

எதிரணித் தலைவர் பாட் கெல்சிங்கரைச் சொன்னார். சிப் தயாரிக்கும் இன்டெலை விட்டு 2009-ல் வெளியேறினார், பிறகு விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்துக்குத் தலைவரானார், 2021-ல் இன்டெலுக்கே தலைவராகத் திரும்பினார், தாவியதால்தானே கிடைத்தது என்று கேட்டார். ஐயா, பாதிக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்களே! அந்த மனிதர் 1979-ல், பதினெட்டு வயதில், டெக்னீஷியனாக இன்டெலில் சேர்ந்தவர். முப்பது வருடம் அங்கே இருந்துவிட்டுத்தான் வெளியே போனார். அவரை விஎம்வேர் கூப்பிட்டதும், பிறகு இன்டெல் திரும்பக் கூப்பிட்டதும் அந்த முப்பது வருடத்தை நம்பித்தான்.

லிசா சூவையும் இழுத்தீர்கள். 2012-ல் ஏ.எம்.டி. என்ற சிப் நிறுவனத்துக்கு வந்தார், 2014-லேயே தலைவரானார், உண்மைதான். அதற்கு முன்னால் ஐ.பி.எம்.மில் பன்னிரண்டு வருடம் இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். தலைவரானபோது ஏ.எம்.டி. பங்கு ஐந்து டாலருக்கும் கீழே கிடந்தது. ஒரு புதிய சிப்பை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவர நான்கைந்து வருடம் ஆகும். ஏ.எம்.டி.யின் ரைசன் சிப் வந்தது 2017-ல். அதுவரைக்கும் பொறுமையாக இருந்ததால்தான் இன்று அவர் பெயரை நாம் இந்த மேடையில் சொல்கிறோம்.

இன்னும் ஒன்று. பதவி உயர்வு எங்கே முடிவாகிறது? நீங்கள் இல்லாத ஓர் அறையில். அங்கே யாராவது ஒருவர் உங்களுக்காக வாய் திறக்க வேண்டும். எனக்கு முதல் குழந்தை பிறந்து ஆறு மாதம் விடுப்பில் இருந்தேன். நான் வீட்டில் குழந்தைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அறையில் என் பழைய மேனேஜர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஏழு வருடம் என் வேலையைப் பார்த்தவர் அவர். ஒரு மணி நேர நேர்காணலில் என்னைப் பார்த்த ஒருவர் அதைச் செய்திருப்பாரா?

மேலதிகாரி மரியாதை இல்லாமல் நடத்தினால், வளர வழியே இல்லை என்றால், கிளம்புங்கள். அதைத் தடுக்க நான் வரவில்லை. ஆனால் வந்த முதல் மாதமே அடுத்த கம்பெனிக்கு ரெஸ்யூமே தயார் செய்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே வரியில் முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி ஐந்து கம்பெனி மாறியவர் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். முதல் கம்பெனியில் அவர் எழுதியது இன்று என்ன நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவர் இந்த மேடையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.