நவம்பர் 18: சோல்வை பல்லேயின் கணக்கு நோட்டு

வாசகர் வட்ட நண்பர்களுக்கு வணக்கம்.

அழைப்பிதழில் ‘தத்துவ நாவலாசிரியர்’ என்று அச்சடித்துவிட்டீர்கள். அதைப் பார்த்து வராமல் இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ! வந்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். நான் பேசப்போவது ஒரு ரொட்டித் துண்டு, ஒரு சூட்டுக்காயம், காலியாகிக்கொண்டே வரும் ஒரு மளிகை அலமாரி ஆகியவற்றைப் பற்றித்தான். பல்லேயின் தத்துவம் முழுவதும் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

சோல்வை பல்லே 1962-இல் டென்மார்க்கின் தெற்கு யூட்லாந்தில் பிறந்தவர். கோபன்ஹேகனில் இலக்கியமும் தத்துவமும் படித்தார். 1986-இல் வந்த முதல் நாவலிலேயே, விமான விபத்தில் தப்பித் தீவில் ஒதுங்கும் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு என்ன செய்கிறாள் என்று பார்த்தார். பெயர் பெற்றுத் தந்தது 1993-இல் வெளியான ‘சட்டத்தின்படி’. சின்னப் புத்தகம், நான்கு மனிதர்கள். ஒருவர் மூளையை ஆராயும் உயிர்வேதியியலாளர். இன்னொருத்தி சட்டம் படிப்பவள். அவள் அருகில் போகிறவர்களுக்குக் காரணமில்லாமல் வலி எடுக்கிறது. மூன்றாமவர் பூஜ்யமாகிவிட ஆசைப்படும் கணிதக்காரர். நான்காமவள் சிற்பி, உயிரை விட்டுப் பொருளாகிவிட விரும்புகிறவள். ஆய்வுக்கூட அறிக்கையின் நடையில் எழுதியிருக்கிறார். ஒரு வரியிலும் கண்ணீர் கிடையாது. படித்து முடித்த பிறகுதான் கை சில்லிட்டிருப்பது தெரியும்.

அதன் பிறகு பல ஆண்டுகள் பெரிய நாவல் எதுவும் வரவில்லை. இடையிடையே மெலிந்த சில நூல்கள் வந்தன. தலைநகரத்தின் இலக்கியக் கூட்டங்களை விட்டு ஏரோ என்னும் சிறிய தீவில் குடியேறிவிட்டார். எழுதுவதை நிறுத்திவிட்டார் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் அவர் ஒரே ஒரு யோசனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவர் ஒரே நாளுக்குள் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் அது, தோன்றியது 1987-இல். 1993-இல் ஹாலிவுட் அதே கருவை நகைச்சுவைப் படமாக எடுத்து உலகம் முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டது. நம்மில் யாராக இருந்தாலும் ‘போச்சு, முந்திக்கொண்டார்கள்’ என்று கையெழுத்துப் பிரதியைப் பரணில் போட்டிருப்போம். அவர் போடவில்லை. 2020-இல் தாமே நடத்தும் சிறிய பதிப்பகத்தின் வழியாக முதல் பாகங்களை வெளியிட்டார். ஏழு பாகங்கள் என்பது திட்டம். முதல் மூன்று பாகங்களுக்கு 2022-இல், வட ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வழங்கும் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு கிடைத்தது.

நாவலின் பெயரைக் கவனியுங்கள்: ‘கன அளவைக் கணக்கிடுவது பற்றி’. நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பாடத் தலைப்பு மாதிரி இருக்கிறது அல்லவா? டேனிஷில் கன அளவுக்கு ‘ரூம்ஃபாங்’ என்று சொல்கிறார்கள். ‘ரூம்’ என்றால் அறை, இடம், வெளி. ‘ஃபாங்’ என்றால் பிடி. ஒரு பொருள் எவ்வளவு இடம் பிடிக்கிறது? உருளைக்கும் கூம்புக்கும் நாம் போட்ட அதே கணக்கை மனிதருக்குப் போடுகிறார் பல்லே.

நாவலின் நாயகி டாரா செல்ட்டர் பழைய புத்தக வியாபாரி. வட பிரான்சின் ஒரு சிற்றூரில் கணவன் தாமஸுடன் பதினெட்டாம் நூற்றாண்டுப் படப் புத்தகங்களை வாங்கி விற்கிறாள். வேலையாகப் பாரிஸ் போனவள், நவம்பர் 18 அன்று நாணய வியாபாரியான நண்பரின் கடையில் எரிவாயு ஹீட்டரின் விளிம்பில் கையைச் சுட்டுக்கொள்கிறாள். மறுநாள் காலை ஓட்டலில் சிற்றுண்டி. அடுத்த மேசைக்காரர் கையிலிருந்து ரொட்டித் துண்டு ஒன்று நழுவித் தரையில் விழுகிறது. நேற்றும் இதே ரொட்டி, இதே தயக்கத்தோடு, இதே மாதிரி விழுந்தது. செய்தித்தாளில் தேதி நவம்பர் 18. இடி இல்லை, மின்னல் இல்லை. ஒரு ரொட்டித் துண்டின் வேகத்தில் உலகம் நின்றுபோகிறது.

ஆனால் கையில் பட்ட காயம் ஆறுகிறது! நாள் நகரவில்லை, தோல் மட்டும் நகர்கிறது. ஊருக்குத் திரும்பித் தாமஸிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். நம்புகிறான். விடிந்ததும் மறந்துபோகிறான். மறுபடி முதலிலிருந்து சொல்கிறாள். எத்தனை காலை இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டு, சொந்த வீட்டிலேயே கணவனுக்குத் தெரியாமல் ஒளிந்து வாழத் தொடங்குகிறாள். நாவல் ஆரம்பிப்பதே அந்த இடத்தில், 121-ஆவது நாளில். வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று எழுதுகிறாள். அந்த யாரோ அவளுடைய கணவன்தான். மாடியில் அவன் நடப்பது, தண்ணீர் கொதிப்பது, கதவு சாத்துவது என ஒவ்வொரு சத்தத்தையும் நோட்டில் குறித்துக்கொள்கிறாள். ஒரு திருமணத்தை இவ்வளவு நெருக்கமாகக் காதால் எழுதியவர்களை நான் அதிகம் படித்ததில்லை.

இன்னொரு விஷயம். டாரா எதை எடுத்துச் சாப்பிட்டாலும் அது மறுநாள் திரும்பி வருவதில்லை. மளிகைக் கடையில் அவள் கைவைத்த அலமாரி அப்படியே காலியாக நிற்கிறது. மற்றவர்களுக்கு உலகம் தினமும் புதிதாக நிரம்புகிறது. இவள் மட்டும் தின்று குறைக்கிறாள். தன்னை ஓர் அசுரப் பிராணியாகவே பார்க்கத் தொடங்குகிறாள். ‘சுற்றுச்சூழல்’ என்ற வார்த்தையை எடுக்காமலே பல்லே அந்தக் கணக்கை முடித்துவிடுகிறார். வெறும் ஜாம் பாட்டில்களும் பிஸ்கட்டும் போதுமாக இருக்கின்றன.

டென்மார்க் என்றதும் அந்நாட்டுத் தத்துவவாதி கீர்க்ககார்ட் நினைவுக்கு வராமல் போகமாட்டார். 1843-இல் ‘திரும்ப நிகழ்தல்’ பற்றி அவர் ஒரு விசித்திரமான நூல் எழுதினார். அதற்கான டேனிஷ் சொல்லின் நேர்ப்பொருள் ‘மறுபடி எடுத்தல்’. அந்த நூலில் வருகிறவன், ஒன்று அப்படியே திரும்ப நிகழுமா என்று சோதிக்கப் பெர்லினுக்கு இரண்டாம் முறை போகிறான். பழைய விடுதி, பழைய நாடக அரங்கு. எதுவும் பழையபடி இல்லை. எரிச்சலோடு ஊர் திரும்புகிறான். பல்லே இதைத் தலைகீழாக்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. இங்கே உலகம் அச்சுப் பிசகாமல் திரும்ப வருகிறது. திரும்பி வர முடியாதவள் டாரா ஒருத்திதான்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பாகத்தில் டாராவுக்குப் பருவகாலங்கள் வேண்டியிருக்கின்றன. நவம்பரிலேயே பெற்றோரோடு கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறாள். அது அருமையான இடம். பிறகு குளிரைத் தேடி வடக்கே, வெயிலைத் தேடித் தெற்கே ரயில் ஏறிக்கொண்டே இருக்கிறாள். நடுவில் நான் இரண்டு முறை தூங்கிவிட்டேன். மூன்றாம் பாகத்தில் அதே நாளில் மாட்டிக்கொண்ட ஹென்றி டேல் வந்து பேச ஆரம்பித்ததும்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

பார்பரா ஹேவ்லண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் பாகம் 2025 சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. அந்த ஆண்டுப் பரிசு பக்கத்து வீட்டுக்குப் போனது உங்களுக்குத் தெரியும்: கன்னடத்தில் எழுதும் பானு முஷ்தாக்கிற்கு. நமக்கு இரட்டிப்பு லாபம். ஒரே பட்டியலில் இரண்டு நல்ல புத்தகங்கள்.

என்னுடைய பிரதியை இந்த மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன், புரட்டிப் பாருங்கள். டாரா வாங்கும் புத்தகங்களில் சில, இரவு பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்காவிட்டால், காலையில் தாமாகவே பழைய கடைக்குத் திரும்பிவிடும். இந்தப் பிரதிக்கு அந்தப் பழக்கம் இல்லை. எடுத்துப் போகிறவர்கள் தயவுசெய்து நேரில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.