கதவருகே நிற்கும் கோமாளி

பெருமதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, குழந்தைகள் நலப் பிரிவுத் தலைவர் அவர்களே, கட்டணம் வாங்காமல் அரங்கைத் தந்த அரிமா சங்கத் தலைவர் அவர்களே, இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, சிவப்பு மூக்கு மாட்டிக்கொள்ளப் பெயர் கொடுத்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். நோயுற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைக்க மருத்துவமனைக்குக் கோமாளி போவது எப்படித் தொடங்கியது, வார்டுக்குள் எப்படிப் போவது, ஆய்வுகள் என்ன சொல்கின்றன.

1986ஆம் ஆண்டு, நியூயார்க் நகரம். பிக் ஆப்பிள் சர்க்கஸை நிறுவியவர்களில் ஒருவர் மைக்கேல் கிறிஸ்டென்சன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய சகோதரர் கணையப் புற்றுநோயில் இறந்திருந்தார். இதயநோய்ப் பிள்ளைகளுக்கு ஒரு மருத்துவமனையில் விழா, வர முடியுமா என்று அழைப்பு வருகிறது. சகோதரர் கொடுத்துவிட்டுப் போன மருத்துவப் பையை எடுக்கிறார். வெள்ளைக் கோட்டைப் போடுகிறார். 'டாக்டர் ஸ்டப்ஸ்' என்று பெயர் வைத்துக்கொள்கிறார். எந்தக் கோட்டைப் பார்த்தால் பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் ஒளிவார்களோ, அதே கோட்டு! சிவப்பு மூக்கு மாற்று அறுவை செய்கிறார், இரத்தத்துக்குப் பதில் சாக்லேட் பால் ஏற்றுகிறார். நம் கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்வானே, அதே வேலை. கைதட்டு வாங்கியதோடு அவர் கிளம்பிவிடவில்லை. அந்த ஆண்டே மருத்துவமனைக்கென்று ஒரு நிரந்தரக் கோமாளிக் குழு உருவானது. அதில் பழகியவர்கள் 1991இல் பாரிஸிலும் பிரேசிலிலும் குழுக்களைத் தொடங்கினார்கள்.

ஆசை சரி, ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

எப்போதும் இருவராகப் போங்கள். முதலில் செவிலியரிடம் கேளுங்கள்: எந்தப் படுக்கை, என்ன வயது, எந்தப் பிள்ளை அறுவைக்காகப் பட்டினியாக இருக்கிறது, யாருக்கு வயிற்றில் தையல். தையல் போட்ட பிள்ளையைக் குலுங்கச் சிரிக்க வைத்தால் வலிக்கும். பட்டினிப் பிள்ளை முன் தின்பண்ட வேடிக்கை கூடாது. ரப்பர் பலூன் வேண்டாம். ஒவ்வாமை வரலாம், வெடித்த துண்டு சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்கும். பஞ்சு மூக்கு அழுக்கையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும், சோப்பில் கழுவக்கூடிய மூக்குதான் வேண்டும், அதுவும் ஆளுக்கு ஒன்று. முகம் முழுக்க வெள்ளை பூசினால் இரண்டு வயதுக் குழந்தை அலறும். ஒவ்வொரு படுக்கைக்கும் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்யுங்கள். ஜலதோஷமா? அன்றைக்கு வராதீர்கள்.

கதவருகே நில்லுங்கள். பிள்ளையை நேராகப் பார்க்காமல், உங்களோடு வந்த இன்னொரு கோமாளியோடு விளையாடுங்கள். தொப்பி விழட்டும், எடுக்கட்டும், மறுபடி விழட்டும். பிள்ளையின் கண் உங்கள் பக்கம் திரும்பினால் ஓர் அடி வையுங்கள். 'போ' என்றால் போய்விட வேண்டும். போகும்போது கதவில் முட்டிக்கொள்ளலாம். ஊசியை அந்தப் பிள்ளையால் 'வேண்டாம்' என்று நிறுத்த முடியாது, டாக்டரை வெளியே அனுப்ப முடியாது. கோமாளியை அனுப்ப முடியும். அந்தக் கட்டிலில் அதற்கு இருக்கும் ஒரே அதிகாரம் அது. அதையும் பறித்துவிடாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஆய்வுக்கு வருகிறேன். இத்தாலியில் 5 முதல் 12 வயதுவரை 40 பிள்ளைகள். மயக்க மருந்து கொடுக்கும்போது கோமாளிகள் உடனிருந்த பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. 2005இல் வெளியானது. அதே ஆய்வில், வேலைக்கு இடைஞ்சல் என்று அந்த அறைக்குள் கோமாளிகள் தொடர்வதை ஊழியர்களில் பெரும்பாலோர் விரும்பவில்லை. மற்ற எண்களை விடுங்கள், இதைக் கவனியுங்கள். ஊழியர்களோடு சேர்ந்து பயிற்சி இல்லாவிட்டால் நல்ல காரியமும் தொந்தரவாகிவிடும்!

கண்காணிப்பாளர் ஐயா மேடையிலேயே இருப்பதால் நேராகக் கேட்கிறேன். குழந்தைகள் தினத்துக்குக் கேமராவோடு வரும் கூட்டத்தை வார்டுக்குள் விடாதீர்கள். அதற்குப் பதிலாக வாரம் ஒரு நாள், அதே இருவர், அதே வார்டு என்று உத்தரவு போடுங்கள். உடை மாற்ற ஓர் அறை, பூட்டக்கூடிய ஓர் அலமாரி, பொறுப்புக்கு ஒரு செவிலியர். இவ்வளவுதான் கேட்கிறோம்.

பெயர் கொடுத்தவர்கள் தடுப்பூசி விவரத்தைப் பின்வரிசை மேசையில் எழுதிக் கொடுங்கள். முதல் நாள் மூக்கு வேண்டாம். செவிலியர் பின்னால் நடந்து வார்டை ஒரு சுற்றுப் பார்ப்போம்.