முடியும் நேரத்தையும் அச்சிடுங்கள்

(மார்கழிக் கச்சேரிகள் பற்றிய ரசிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் சபாத் தலைவர் அவர்களே, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தாலும் முகம் சுளிக்காத செயலாளர் அவர்களே, மேடைக்குப் பெருமை சேர்க்கும் மிருதங்க வித்வான் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த ரசிகப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஐந்தரை மணிக் கூட்டத்துக்கு ஐந்தேகாலுக்கே வந்து அமர்ந்த நீதியரசர் ஐயாவுக்கும், வரவேற்புரையை மூன்றே நிமிடத்தில் முடித்த செயலாளருக்கும் தனியே என் நன்றி.

இரண்டு விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். கச்சேரி தொடங்கும் நேரம் ஒன்று. முதியவர்கள் வீடு திரும்பும் வழி இரண்டு.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பார்கள். 6.30 என்று அச்சிட்ட கச்சேரியை 7.15-க்குத் தொடங்கினால் எப்பேர்ப்பட்ட தோடி ராகமும் எழுபது வயது ரசிகருக்கு ஆறித்தான் போகும்.

தாமதம் மேடையில்தான் பிறக்கிறது. நாலு மணிக் கச்சேரி பதினைந்து நிமிடம் இழுக்கிறது. அந்தக் குழு இறங்கி அடுத்த குழு ஏறி, பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா என்று ஐந்து மைக்கையும் சரிபார்க்க இருபது நிமிடமாவது வேண்டும். ஒப்பனை அறையில் சுருதி சேர்த்த மிருதங்கம் குளிர்சாதன மேடைக்கு வந்ததும் நகர்ந்துவிடும். அதன் வலப்பக்கமான வலந்தலையைக் கல்லால் தட்டிச் சேர்க்க வேண்டும். இடப்பக்கமான தொப்பியில் அப்பிய ரவை காய்ந்திருந்தால் ஈரம் தொட்டுக் கொடுக்க வேண்டும். இதில் எதையும் குறை சொல்ல மாட்டேன், இது சங்கீதத்துக்கான நேரம். வித்வான் அவர்களும் தலையசைக்கிறார்கள்.

குறை சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு வருவதை. குத்துவிளக்கு, வரவேற்பு, புரவலர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு. ஒருவர் மேடையேறி, பொன்னாடை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்க ஒன்றரை நிமிடம். எட்டுப் பேர் என்றால் பன்னிரண்டு நிமிடம். நிதானமாகப் பாடிய ஒரு முழுக் கிருதி அதில் போய்விடுகிறது.

இரண்டரை மணி நேரக் கச்சேரியில் பிரதான ராகம் தொடங்கவே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 6.30-க்குத் தொடங்கினால் 8.20-க்குத் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கும் பகுதி. 7.15-க்குத் தொடங்கினால் அது 9.05. சர்க்கரை நோய்க்குச் சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் தலைசுற்றும், வியர்க்கும், விழுந்துவிடவும் கூடும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் நீண்ட நேரம் உட்கார முடியாது. கண்ணில் புரை இருப்பவர்களுக்கு எதிர்வண்டி விளக்கு கூசும், இரவில் தாமே ஓட்டிப் போக முடியாது. அதனால் தனி தொடங்கும்போது எழுந்து போகிறார்கள். அவர்களுக்கு லயம் பிடிக்கவில்லை என்று வாசிப்பவர் நினைத்துவிடக் கூடாது.

கச்சேரி வட்டாரத்தில் சொல்லும் ஒரு சம்பவம். தாம்பரத்திலிருந்து ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கி, தியாகராய நகர்ப் பக்கம் ஒரு சபாவுக்கு நடந்தே வருவார். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி, மடியில் பை. பைக்குள் தண்ணீர் பாட்டில், இரண்டு இட்லி, மப்ளர். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவருக்காகத் திரை மூடியே இருந்தது. வாத்தியார் இட்லியை வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தார், அப்போதும் திரை மூடியேதான் இருந்தது. ஒருவழியாகக் கச்சேரி தொடங்கி, வர்ணம், இரண்டு கிருதி, நடுவில் பொன்னாடை. பாடகர் இளைஞர், நல்ல சாரீரம். ஒன்பது மணிக்குக் காம்போதி ராகத்தில் ஆலாபனை எடுக்கிறார். வாத்தியார் மப்ளரை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டினார், எழுந்தார். தார ஸ்தாயியில், அதாவது உச்சக் குரலில், ஒரு பிடி விழுந்தது, உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி ஒரு பிடி, மறுபடி உட்கார்ந்தார். மூன்றாம் முறை எழுந்தபோது பாடகரே நிறுத்தி, "மாமா, ராகம் முடிகிறவரை இருங்களேன், கிளம்பிட்டீங்களே" என்றார். வாத்தியார் அங்கிருந்தே சொன்னார்: "நான் கிளம்பலைப்பா, என் ரயில் கிளம்புது!" அரங்கமே கைதட்டியது. அவர் போய்விட்டார். அவர் இறங்குகிற இடத்திலிருந்து வீட்டுப் பக்கம் போகும் கடைசிச் சிற்றுந்து அந்த ரயிலை நம்பித்தான் நிற்கும்.

60 வயது தாண்டிய சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் உண்டு. இரவு பத்து மணிக்குப் பேருந்து குறைந்த பிறகு அந்த டோக்கன் பைக்குள்ளேயே கிடக்கும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

நேரம் காக்க முடியாது என்று சொல்லிவிட முடியாது. திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் காலை ஒன்பது மணிக்குப் பஞ்சரத்ன கீர்த்தனைகள் என்றால் ஒன்பது மணிக்குத்தான். வானொலியில் அறிவிப்பாளர் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 1967-இல் மறைந்த பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நான்கைந்து மணி நேரக் கச்சேரியை விறுவிறுப்பான பத்ததியாக, அதாவது ஒரு வரிசை முறையாக, அமைத்துக் கொடுத்தார். பிறகு கச்சேரி இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியது. தாமதம் மட்டும் சுருங்கவில்லை.

இங்கேதான் நான் ஊர் ஊராகச் சொல்லி வரும் கோரிக்கைக்கு வருகிறேன். தொடங்கும் நேரத்தை எல்லாரும் அச்சிடுகிறோம், முடியும் நேரத்தை அச்சிடுவதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலத்தில் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்குள். அதனால் கோயில் மைதானத்தில் யாராவது கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மூடிய அரங்குக்கு அந்த விதி கிடையாது, எனவே தாமதத்துக்கு அணைபோட ஆளில்லை. அந்த அணையை நாமே கட்ட வேண்டும். தொடக்கம் 5.30, நிறைவு 8.00 என்று அச்சாகிவிட்டால் பாடகர் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவார். ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவலுக்கு எவ்வளவு, தனிக்கு எவ்வளவு, கடைசியில் வரும் சின்னப் பாட்டான துக்கடாவுக்கு எவ்வளவு என்று வீட்டிலேயே தீர்மானித்து வருவார். பொன்னாடைக்கு நிமிடம் ஒதுக்க வேண்டியவர் செயலாளர், அவரும் பென்சிலை எடுப்பார். வீட்டிலிருக்கும் பிள்ளை எத்தனை மணிக்கு வண்டி கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துகொள்வார். 5.30-க்குத் தொடங்கி 8.00-க்கு முடித்தால் வாத்தியார் மங்களம் கேட்டுவிட்டே ரயில் ஏறுவார்.

சபாத் தலைவர் அவர்களிடம் ஒரே வேண்டுகோள். இந்த ஆண்டு அழைப்பிதழின் அச்சுப்படி உங்கள் கைக்கு வரும்போது, தொடங்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே "நிறைவு 8.00" என்று உங்கள் கையாலேயே எழுதி அச்சகத்துக்கு அனுப்புங்கள். அரங்கின் பின்சுவரில், பாடுகிறவர் கண்ணில் படும்படி, ஒரு பெரிய கடிகாரத்தையும் மாட்டுங்கள். நன்றி, வணக்கம்.