கட்டிலுக்குக் கீழே ரைஸ் குக்கர்

வணக்கம். அறை வாடகைக்குக் கொடுக்கிற வீட்டுக்காரர்களோடுதான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். திருகோணமலையில், உவர்மலையிலும் உப்புவெளியிலும் பலர் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: "அறைக்குள்ள சமைக்கக் கூடாது, தங்கச்சி." பிள்ளையும் தலையாட்டும். ஆனால் இரவு டியூட்டி முடித்து வருகிற நேர்ஸ் பிள்ளை விடியக்காலையில் எங்கே போய்ச் சாப்பிடும்? எனக்குத் தெரிந்த வீடொன்றில் ரைஸ் குக்கர் கட்டிலுக்குக் கீழே இருந்தது. எக்ஸ்டென்ஷன் வயர் கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கருகியிருந்தது. மணம் வந்த பிறகுதான் வீட்டுக்கார அம்மாவுக்கே தெரியும். தடுத்தால் ஒளித்துச் சமைப்பார்கள். எனக்குப் பயம் அந்த ஒளிப்பில்தான்.

ஆகவே கொண்டு வரட்டும். எந்தப் பிளக்கில் போடுவது என்பதை நீங்கள் காட்டிக் கொடுங்கள். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். உருண்டைக் கால் பிளக்கைச் சதுர ஓட்டைக்குள் போட, மேல் ஓட்டையில் பேனையைக் குத்தித் திறக்கிறோமே, அதை இன்றோடு விடுங்கள். அந்த மேல் ஓட்டை ஏர்த்துக்கு, அதாவது கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற வயருக்கு, உரியது. இரண்டு காலை மட்டும் திணித்தால் ஏர்த் இல்லை, பிடிப்பும் இல்லை. பிடிப்பில்லாத இடம் சூடேறும். நம்முடைய கடற்கரை உப்புக் காற்றில் பித்தளை வேறு களிம்பு பிடிக்கும், சூடு இன்னும் கூடும். சரியான பிளக் மாட்டிக் கொடுக்கச் செலவு பெரிதில்லை.

அடுத்தது, ஒரே எக்ஸ்டென்ஷனில் எல்லாவற்றையும் போடுவது. சதுரக் கால் பிளக் போட்ட எக்ஸ்டென்ஷன் தாங்குவது கூடினால் 13 அம்பியர், 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3000 வாட். கேத்தில் 2000, ரைஸ் குக்கர் 700, அயன் 1000 என்று வையுங்கள், தாண்டிவிட்டது. கேத்தில் கொதிக்கும்போது அயன் போட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொன்னால் கேட்பார்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். கரண்ட் கசிந்தால் விழுகிற சுவிட்ச் அது. வயர் சூடேறுவது அதற்குத் தெரியாது.

பில் சண்டைக்கு வருவோம். யூனிட் கூடக் கூட யூனிட் விலையும் ஏறுகிறது, அதனால் "ஆளுக்குப் பாதி" என்றால் இரு பக்கமும் மனக்கசப்பு. அறைக்குத் தனியாக ஒரு சின்ன மீற்றர் வைத்து, மாத முடிவில் இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கேஸ் அடுப்பு பற்றி விரிவாகப் பேச இருந்தேன். ஒன்று மட்டும்: படுக்கிற அறைக்குள் சிலிண்டர் வேண்டாம். கேஸ் கசிந்தால் நிலத்தோடு தங்கும், ஆகவே காற்றோட்டமான திறந்த விறாந்தையில் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். வணக்கம்.