நம் ஊரின் சத்தம் எது?

(தருமபுரி வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அதியமான் ஆண்ட ஊரில் நின்று பேசுகிறேன். எனவே ஔவையிலிருந்தே தொடங்குகிறேன். புறநானூற்றில் 89-ஆம் பாட்டு. உங்கள் நாட்டில் போர் செய்ய ஆள் உண்டா என்று பகைவேந்தன் கேட்கிறான். இளம் வீரர்கள் பலர் உண்டு என்கிறார் ஔவை. அதோடு விடவில்லை. பொதுமன்றத்தில் தொங்கும் தண்ணுமை என்ற தோல் கருவியில் காற்று மோதி ஒலி எழுந்தாலே ‘போர் வந்தது’ என்று எழுகிற எங்கள் தலைவனும் உண்டு என்கிறார்.

வீரத்தைச் சொல்லும் பாட்டு என்றுதான் பள்ளியில் படித்தோம். சரிதான். ஆனால் காற்று தோலில் மோதி எழும் ஒலி எவ்வளவு சன்னமானது! அது ஒருவர் காதில் விழுந்தது என்றால் அந்த ஊர் எப்படி இருந்திருக்க வேண்டும்! இன்று நான்கு ரோட்டில் ஒரு தண்ணுமையைக் கட்டித் தொங்கவிட்டால், கோல் எடுத்து அடித்தாலும் அடுத்த கடைக்குக் கேட்காது.

என்னை இந்த யோசனையில் இறக்கியது பெங்களூரில் நான் போன ஒரு ஒலிக் கண்காட்சி. அங்கே படமும் இல்லை, பொருளும் இல்லை. ஓர் இருட்டறை. சுவர் நெடுகிலும், தலைக்கு மேலும், தரையோரத்திலும் ஒலிபெருக்கிகள். நடுவே பாய் விரித்திருக்கிறார்கள். உட்காரலாம், படுக்கலாம். அந்த நகரத்தின் ஒரு நாள் முழுவதும் நம்மைச் சுற்றி நடக்கிறது. விடியற்காலை மார்க்கெட்டில் பூ விலை பேசுகிறார்கள். கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் ஒன்றாகக் கேட்கின்றன. மெட்ரோ அறிவிப்பு வருகிறது. கரண்ட் போகிறது, ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்குகின்றன. திடீரென்று என் இடது தோளுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர், “ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம்!” பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கலாமா என்று தோன்றியது. அவ்வளவு பக்கத்தில் நின்றார்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? ஒரு பக்கத்திலிருந்து வரும் சத்தம் ஒரு காதை முதலில் தொடும், மறு காதை அடுத்துத் தொடும். இரண்டுக்கும் இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்தே மூளை திசையைக் கணித்துவிடுகிறது. அந்தச் சிறு இடைவெளியைப் பல ஒலிபெருக்கிகள் வழியாக உண்டாக்கிக் கொடுக்கிறார்கள். கலை ஒரு பக்கம் இருக்கட்டும்; நம் காது இவ்வளவு நுட்பமான கருவி என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஊரின் ஓசையைச் சேகரிக்கும் வேலை புதிதல்ல. கனடாவில் மரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளரும் அவர் குழுவினரும் 1973-இல் வான்கூவர் நகரத்தின் ஓசைகளை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். 1975-இல் ஐரோப்பாவில் ஐந்து கிராமங்களுக்குப் போய்த் தங்கிப் பதிவு செய்தார்கள். கவனியுங்கள், கிராமங்களுக்கு! அதில் ஒன்று பிரான்சின் கடலோரத்தில் உள்ள லெஸ்கோனில். அந்த ஊர் மீனவர்களுக்கு எந்நேரத்தில் எந்தத் திசைச் சத்தம் வந்து சேரும் என்பது காற்றை வைத்தே தெரியும். கால் நூற்றாண்டு கழித்து ஃபின்லாந்து ஆய்வாளர்கள் அதே ஐந்து ஊர்களுக்கும் போய், என்ன மாறியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். பழைய பதிவு கையில் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. நம்மிடம் ஒப்பிட என்ன இருக்கிறது?

நமக்குச் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் சத்தத்தின் உச்ச அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். நல்ல விதி. கடைப்பிடிக்க வேண்டும், கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் எந்தச் சத்தத்தைக் குறைப்பது என்றுதான் அது சொல்லும். எந்தச் சத்தத்தைக் காப்பது என்று ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். பாரதக் கூத்தில் முகவீணை என்ற சிறு குழல் வாசிப்பவர் மூச்சைப் பிடித்து ஊதுகிறார். பக்கத்துத் தெருவில் அடுக்கிய ஸ்பீக்கர் பாக்ஸ் அதை விழுங்கிவிடுகிறது. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

காக்க வேண்டியது எது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஒகேனக்கல் அல்ல. அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். நான் சொல்வது பட்டுப்புழு வளர்க்கும் மனையின் ஓசை.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் புழுவின் தீனியான மல்பெரி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். புழு நான்கு முறை தோல் உரிக்கும். உரிக்கும்போது தழை போடமாட்டார்கள். மனையில் ஓசையே இருக்காது. நான்காவது உரிப்பு முடிந்து ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் கதையே வேறு. ஆயுளில் தின்னும் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு பருவத்தில் தின்று தீர்க்கும். இரவில் தண்டோடு புதுத் தழையைப் பரப்பிவிட்டு வாசலில் நில்லுங்கள். முதலில் ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையில் தொடங்கி, தட்டுக்குத் தட்டு பரவி, கூரைமேல் தூறல் விழுவது போல மனை முழுக்க நிறையும். ஆயிரக்கணக்கான சின்ன வாய்கள். தழை தீரத் தீர ஓசை மெலியும். பழகிய பெண்கள் உள்ளே போய்ப் பார்க்காமலே, காது கொடுத்து, அடுத்த தீனிக்கு நேரமாயிற்றா என்று சொல்லிவிடுவார்கள். இது தொழில் அறிவு. இதை எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைக்கவில்லை.

மாணவர்களே, இதற்குப் பெரிய கருவி வேண்டாம். உங்கள் அண்ணன் கையில் இருக்கும் செல்போனே போதும். இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் துடைத்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த மற்றதுதான். காற்று அடித்தால் மைக்கின் மேல் மெல்லிய துணியைச் சுற்றுங்கள். போனை எங்காவது வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தொடங்கும்போது இடம், தேதி, நேரம் மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. புளி தட்டும் களம், பரிசல் துடுப்பு, தொப்பூர் இறக்கத்தில் லாரி பிரேக், எல்லாம் வேண்டும். பிடிக்காத சத்தமும் இந்த ஊருடையதுதான்.

புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள், ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் ஐந்தாம் பருவம் எப்போது வரும் என்று அப்பா அம்மாவைக் கேட்டு அதில் எழுதுங்கள். ராத்திரித் தழை போடும் நேரத்துக்கு நாங்கள் வந்துவிடுகிறோம். டிவியையும் பம்பு செட்டையும் மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.