எல்விஸுக்கு முன்பே ‘ஹவுண்ட் டாக்’ பாடியவர்

[திரை: சுழலும் 78 ஆர்பிஎம் இசைத்தட்டு. நடுவில் பீகாக் ரெக்கார்ட்ஸ் லேபிள்.]

‘ஹவுண்ட் டாக்’ என்றாலே எல்விஸ் பிரெஸ்லி ஞாபகம்தான் எல்லோருக்கும் வரும். ஆனால் அந்தப் பாட்டு ஒரு பெண் பாடுவதற்காக எழுதப்பட்டது. அவர் பெயர் பிக் மாமா தார்ன்டன். அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பாடகி, ஹார்மோனிகாவும் டிரம்ஸும் வாசிப்பவர். 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் இதைப் பதிவு செய்தார். எழுதிய ஜெரி லீபருக்கும் மைக் ஸ்டோலருக்கும் அப்போது 19 வயதுதான்.

[ஒலி: தார்ன்டன் பதிவின் தொடக்கம்]

முன்னிசையே கிடையாது. எடுத்த எடுப்பில் குரல்தான். வேகமும் இல்லை. பீட் லூயிஸின் கிட்டார் அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டே கூட வருகிறது. கடைசியில் வாத்தியக்காரர்களே ஊளையிடுகிறார்கள், குரைக்கிறார்கள். இங்கே நாய் என்பது ஓர் ஆள். உழைக்காமல் ஒட்டிக்கொண்டு தின்ன வருகிறவனை, ‘எவ்வளவு வாலாட்டினாலும் இனி உனக்குச் சோறு கிடையாது’ என்று அந்தப் பெண் வாசலிலேயே நிறுத்தி விரட்டுகிறாள். 1953-ல் இது ஏழு வாரம் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில், அதாவது கறுப்பின இசைக்கான ஹிட் வரிசையில், முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலருக்கு ஒரே ஒரு செக் என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார்.

[திரை: லாஸ் வேகஸ், 1956]

எல்விஸ் இந்தப் பாட்டைப் பிடித்தது, வேகஸில் பாடிவந்த ஃப்ரெடி பெல் குழுவிடமிருந்து. வேகஸ் மேடைக்காக அவர்கள் வரிகளை மாற்றி, முயல் பிடிக்கத் தெரியாத நாய் என்று ஆக்கியிருந்தார்கள். 1956 ஜூலை 2 அன்று நியூயார்க் ஸ்டுடியோவில் 31 டேக் எடுத்து எல்விஸ் இதைப் பதிவு செய்தார். டி.ஜே. ஃபான்டானாவின் டிரம்ஸ் வெடித்துக் கிளம்பும் அந்தப் பதிவு எனக்கும் பிடிக்கும். அதன் வேகம் எல்விஸ் குழுவுக்கே உரியது. ஆனால் கதை போய்விட்டது. முயல் பிடிக்காத நாய்மேல் ஒருவருக்கு ஏன் இவ்வளவு கோபம் வர வேண்டும்?

எல்விஸ் பாட்டை வேறொன்றாகவாவது மாற்றினார். அதே காலத்தில் அச்சு அசலாக நகல் எடுக்கும் வேலையும் அமோகமாக நடந்தது.

[திரை: லவெர்ன் பேக்கர், ஜார்ஜியா கிப்ஸ். பக்கத்தில் பக்கத்தில்.]

கறுப்பினப் பாடகி லவெர்ன் பேக்கரின் ‘ட்வீட்லி டீ’ அட்லாண்டிக் கம்பெனி வெளியிட்ட பாட்டு. அது மேலே ஏறத் தொடங்கியதுமே, மெர்க்குரி கம்பெனி வெள்ளைக்காரப் பாடகி ஜார்ஜியா கிப்ஸை வைத்து அதே பாட்டைக் கொண்டுவந்தது. ராகம் மட்டுமல்ல, இசைக்கோப்பும் ஏறக்குறைய அதேதான். 1955-ல் பாப் பட்டியலில் பேக்கருக்கு 14-ஆம் இடம், கிப்ஸுக்கு 2-ஆம் இடம். கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளைப் போடத் தயங்கிய வானொலி நிலையங்களுக்கு இந்த நகல் வசதியாக அமைந்தது.

சரி, சட்டம் என்ன செய்தது? இதுதான் விஷயமே. 1909-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் பாட்டின் வரிகளையும் மெட்டையும் மட்டும்தான் காத்தது. ஒரு பாட்டு ஒருமுறை தட்டில் வந்துவிட்டால், தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் கட்டி யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். அந்த 2 சென்ட் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும். முதலில் பாடியவருக்கு ஒன்றுமில்லை. குரலை எங்கே இழுப்பது, எங்கே கொஞ்சுவது, சாக்ஸபோன் எந்த இடத்தில் நுழைவது என்று ஸ்டுடியோவில் உருவான எதற்கும் பாதுகாப்பு கிடையாது. ஒலிப்பதிவுக்கு அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் உரிமை வந்ததே 1972-ல்தான். பேக்கர் சும்மா இருக்கவில்லை. இசைக்கோப்புக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்கு எழுதினார். சட்டம் மாறவில்லை. ஆனாலும் அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. பாடகர் பங்களிப்பு என்ன என்பதை அவரைவிடத் தெளிவாக அன்று கேட்டவர் குறைவு.

கவர் பாடுவதே, அதாவது இன்னொருவர் பதிவு செய்த பாட்டை மீண்டும் பாடுவதே, தவறு என்று நான் சொல்லவில்லை. 1963-ல் பீட்டில்ஸ் பாடிய ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டைக் கேளுங்கள். ஜான் லெனனின் தொண்டை கிழிகிறது. அது ஐஸ்லி பிரதர்ஸின் முந்தைய வருடத்துப் பதிவின்மேல் வைத்த ஆசையில் பிறந்தது. அசல் சந்தைக்கு வந்த கையோடு அதன் இடத்தைப் பறிக்க வந்ததல்ல.

[திரை: லிட்டில் ரிச்சர்ட், பியானோ முன் நின்றபடி]

கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் வேறு வழி பிடித்தார். அவருடைய ‘டுட்டி ஃப்ரூட்டி’யை வெள்ளைக்காரப் பாடகர் பாட் பூன் உடனே பாடி, பாப் பட்டியலில் அவரையே முந்திவிட்டார்: பூன் 12, ரிச்சர்ட் 17. அப்புறம் 1956-ல் ‘லாங் டால் சாலி’. பூனின் வாயில் நுழையாதபடி வரிகளை அவ்வளவு வேகமாகப் பாடிப் பழகினார் ரிச்சர்ட். பூன் அதையும் விடாமல் பாடினார்.

[ஒலி: இரண்டு பதிவுகளும் அடுத்தடுத்து, 15 விநாடி]

இந்த முறை ரிச்சர்ட் 6, பூன் 8.