பாரம் ஏற்றினால் மட்டும் மிஸ் ஆகும் இன்ஜின்

நேயர்களுக்கு வணக்கம். பெட்ரோல் இன்ஜின் பொருத்திய பிக்கப் வண்டிகளைப் பற்றி மட்டுமே இன்று பேசுகிறேன். டீசல் இன்ஜினில், மின்பொறியால் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தத்தின் சூட்டில் எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் அதன் கோளாறுகள் தனிக் கதை.

வெறும் வண்டியாக ஓட்டினால் சீராக ஓடுகிறது, பாரம் ஏற்றி மேட்டில் ஏறினால் மிஸ் ஆகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் இழுவை குறைந்து குலுங்குகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், எந்தப் பாகம் கெட்டது என்று நான் யோசிப்பதற்கு முன்பே அவர் பாதி விடையைச் சொல்லிவிட்டார் என்றுதான் பொருள். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தச் சிலிண்டருக்குள் அதிகக் காற்று நுழைந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய காற்றைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் 10,000 வோல்ட் அளவு போதுமென்றால், மேட்டில் அதைப் போல இரு மடங்கும் தேவைப்படலாம். அப்போது தளர்ந்த காயில் கைவிடுகிறது, அல்லது மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டாமல் வேறு சுலபமான வழியில் கசிந்துவிடுகிறது.

எந்தச் சிலிண்டர் என்பதை வண்டியின் கணினியே சொல்லும். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் தண்டு சற்றே வேகம் பெறும். நால்வர் தூக்கும் சுமையில் ஒருவர் தோள் நழுவினால் மற்ற மூவருக்கும் உடனே தெரிவதுபோல, ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் அந்த வேகக் குறைவைச் சென்சார் உணர்ந்துவிடும். கணினியில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்று சொல்ல முடியாத நிலை. ஆனால், எந்தச் சிலிண்டர் என்று சொல்லும் எண் ஏன் என்பதைச் சொல்வதில்லை. இதை மறந்துதான் பலரும் கடைக்குப் போய்க் காயில் வாங்குகிறார்கள்.

ஆகவே, பாகத்தை மாற்றும் முன் அதை இடம் மாற்றிப் பாருங்கள். இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இன்றும் சொல்கிறேன். ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் இருக்கும் வண்டிகளில், மூன்றாவது காயிலை முதலாவதிலும் முதலாவதை மூன்றாவதிலும் பொருத்தி, பதிவான கோளாறு எண்ணை அழித்துவிட்டு, பாரத்துடன் ஓட்டிப் பாருங்கள். எண் பி0301 ஆனால் காயில்தான் குற்றவாளி. பி0303 ஆகவே நின்றால் அடுத்தது பிளக்கை இடம் மாற்றுங்கள். காசு செலவில்லாத சோதனை இது.

ஒரு வண்டி நினைவுக்கு வருகிறது. உரிமையாளர் புதுப் பிளக்குகளைப் போட்டதும் மிஸ்ஸிங் நின்றது, சில வாரங்களில் திரும்பியது, மறுபடி புதுப் பிளக் போட்டார், மறுபடியும் திரும்பியது. எரிபொருள் பம்பைக்கூட மாற்றிவிட்டார். நாங்கள் மூன்றாவது பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் மேலிருந்து கீழாக இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. மின்சாரம் வெளிப்புறமாகக் கசிந்து ஓடிய தடம் அது. அந்தக் கரியே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே தடம் இருந்தது. பழைய உறை புதுப் பிளக்கையும் கெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இப்படிக் கோடு கண்டால் பிளக்கையும் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு மூடியின் கேஸ்கட்டையும் பாருங்கள், ஏனெனில் ரப்பரை ஊறவைத்துக் கெடுப்பது அந்த எண்ணெய்தான். பிளக்கைக் கழற்றுவது இன்ஜின் ஆறிய பிறகே. அலுமினிய ஹெட்டில் சூட்டோடு திருகினால் மரை போய்விடும்.

பிளக்கின் முனையும் பேசும். வெளிர் பழுப்பு நல்லது, உலர்ந்த கரி படிந்தால் எரிபொருள் அதிகம், பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை.

நேரம் முடியப்போவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. இன்ஜினுக்குள் வேண்டாத காற்று நுழையும் காற்றுக் கசிவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஐடிலிங்கில் மட்டும் மிஸ் ஆகி, வேகமெடுத்ததும் சரியானால் அதைச் சந்தேகியுங்கள். காயிலையும் பிளக்கையும் இடம் மாற்றியும் எண் நகராவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும், சிலிண்டருக்குள் எழும் அழுத்தமான கம்ப்ரஷனையும் சோதிக்கச் சொல்லுங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். வணக்கம்.